வெள்ளிக்கிழமைப் பட்டியலில் இல்லாத பெயர்

1

ஒரே ஒரு வரியிலிருந்துதான் இந்தக் கதை கிளம்பியது. அந்த வரியை எழுதியவள் நான். ஆகவே முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பிறகு கதைக்குப் போகலாம். கதை என்று ஒன்று தேறினால்.

வரி இதுதான்: "வேலை நேரத்துக்கு வெளியே இவருக்குக் கூடுதல் பொறுப்பு எதுவும் தர வேண்டாம்."

படிக்க எவ்வளவு நன்றாக இருக்கிறது பாருங்கள். அக்கறை சொட்டுகிறது. இப்படிப்பட்ட வரிகளை எழுதித்தான் இருபத்தாறு வருடமாகச் சம்பளம் வாங்குகிறேன். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவது, பள்ளி முடிந்ததும் அவர்களுக்கு ஏற்ற வேலையைத் தேடிப் பிடிப்பது, அங்கே அவர்கள் காலூன்றும்வரை கூட நிற்பது, இதெல்லாம் என் வேலை. நகராட்சிப் படிவங்களில் என் கையெழுத்து எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்றால், மளிகைப் பட்டியலைக்கூட "பரிந்துரைக்கப்படுகிறது" என்று முடித்திருக்கிறேன்.

[கடைசி வாக்கியம் சிரிப்புக்காக. உண்மையில் ஒரு தடவைதான் அப்படி நடந்தது.]

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"காலை ஆறரைப் பேருந்தில் ஆல்பெர்டே ஏறியபோது மழை சாரலாக—"

வேண்டாம். அன்று மழையே இல்லை. டென்மார்க்கில், அதுவும் யூட்லாந்து என்றால் மழை பெய்தாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

"பிறக்கும்போதே மூளைக்குப் போதிய மூச்சுக்காற்று கிடைக்காமல் போன ஆல்பெர்டே—"

இது மருத்துவக் கோப்பு. இருபத்தோரு வயதுக்குள் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதப்பட்ட ஒவ்வொரு காகிதமும் இப்படித்தான் தொடங்குகிறது. இன்னொன்றை நான் சேர்க்கப்போவதில்லை.

"ஆல்பெர்டேவுக்குக் கோபம் வந்தது."

இது பரவாயில்லை. இதை வைத்துக்கொள்கிறேன். ஆனால் கோபம் ஏன் என்று சொல்வதற்குமுன் அவளை உங்களுக்குக் காட்டியாக வேண்டும். வலது கை அவள் சொன்னபடி கேட்காது. நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். யோசனை சட்டென்று வரும், வார்த்தை மெதுவாக வரும். சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாள். யாராவது தலையைச் சாய்த்துக்கொண்டு அவளிடம் குழந்தைக் குரலில் பேசினால், வேண்டுமென்றே இன்னும் மெதுவாகப் பதில் சொல்லி அவர்களை நோகடிப்பாள்.

எங்கள் ஊர் நகராட்சிக்கு ஒரு கிடங்கு உண்டு. சக்கர நாற்காலி, நடைவண்டி, மருத்துவக் கட்டில் எல்லாம் அங்கிருந்துதான் வீடுகளுக்குப் போகும். தேவை முடிந்ததும் அங்கேயே திரும்பி வரும். கழுவி, பழுதுபார்த்து, அடுத்தவருக்கு அனுப்புவார்கள். ஜனவரியில் ஆல்பெர்டேவை ஆறு மாத வெள்ளோட்டத்துக்கு அங்கே சேர்த்துவிட்டேன். அவள் வேலை பிரேக் பார்ப்பது. மற்றவர்கள் நின்றபடி கையால் அழுத்திப் பார்ப்பார்கள். இவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, சரிவுப் பலகையில் உருண்டு பார்ப்பாள். சரியென்று ஒதுக்கப்பட்ட பதினொரு பிரேக்குகளை முதல் மாதத்திலேயே சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள்.

ஜூனில் நகராட்சி முடிவெடுக்கும். அவளால் முடிந்த அளவு நேரத்துக்கு, அவளுக்கு ஏற்றபடி அமைத்த நிரந்தர வேலை. அல்லது ஆயுள் முழுவதும் பென்ஷன், இருபத்தோரு வயதில். முடிவெடுப்பவர்கள் முக்கியமாகப் படிப்பது என் அறிக்கையைத்தான்.

அவளுக்கு வேலைதான் வேண்டும். அதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. அப்படியிருந்தும் பாருங்கள், நான் செய்ததை.

3

கிடங்கில் காபி மெஷினுக்கு மேலே ஒரு தாள் ஒட்டியிருக்கும். வெள்ளிக்கிழமை காலை ஏழரைக்கு எல்லோரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடும் பன், வெண்ணெய், சீஸ், ஜாம் இவற்றை இந்த வாரம் யார் வாங்கி வருவது என்ற முறைப்பட்டியல் அது. ஒன்பது பேர், ஒன்பது வாரம், பிறகு மறுபடியும் முதல் பெயர். மேலாளருக்கும் முறை உண்டு, நேற்றுச் சேர்ந்தவருக்கும் உண்டு. காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடந்த ஒருவர் தன் முறைக்கு மனைவியிடம் பையைக் கொடுத்தனுப்பினார். விவாகரத்து வழக்குக்காக நீதிமன்றம் போகவேண்டிய நாளிலும் ஒருவர் பேக்கரிக்குப் போய்விட்டுத்தான் போனார். மறந்துபோனவரை அடுத்த ஒரு மாதம் ஓட்டியெடுப்பார்கள். அதிலும் ஒரு சொந்தம் இருக்கிறது.

[இந்த நாட்டில் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது வெறும் சடங்கு. நீங்கள் அந்த இடத்துக்காரர் என்பதற்குச் சாட்சி இந்தத் தாள். இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இருக்க முடியாது, இருபத்தாறு வருடமாக நானும் பன் வாங்குகிறேன். தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை.]

ஆல்பெர்டேவின் பெயர் பட்டியலில் இல்லை.

பதினான்கு வெள்ளிக்கிழமைகள் அவள் மற்றவர்கள் வாங்கி வந்ததைச் சாப்பிட்டாள். எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். பன்னை இரண்டாகப் பிளந்து, வெண்ணெய் தடவி, தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். பதினைந்தாவது வெள்ளிக்கிழமை "பசிக்கல" என்று சொல்லிவிட்டுப் பட்டறையிலேயே உட்கார்ந்துகொண்டாள். பதினாறாவதும் அப்படியே. பதினேழாவது வெள்ளிக்கிழமைதான் நான் குறிப்பேட்டோடு மேற்பார்வைக்குப் போனேன். உள்ளே சிரிப்புச் சத்தம், வெளியே டயர்களுக்கு நடுவே அவள் தனியாக. நின்று பார்த்தேன், தலையாட்டிக்கொண்டேன், அலுவலகத்துக்கு வந்து இரண்டாவது வரியை எழுதினேன்.

"பொது உணவு வேளைகளிலிருந்து விலகிக்கொள்கிறார். இது சோர்வின் அறிகுறியாக இருக்கலாம்."

இந்த 'இருக்கலாம்' இருக்கிறதே, எங்கள் தொழிலில் அதற்குள் ஒளிந்துகொள்ளாதவர் கிடையாது.

நான்கு நாளில் நகராட்சி அலுவலர் ஹெல்லே தொலைபேசியில் கூப்பிட்டாள். நல்ல மனுஷி, பதினைந்து வருடப் பழக்கம்.

"போடில், உன் அறிக்கையப் படிச்சேன். அந்த சோர்வு விஷயம் மனசுல நிக்குது."

"சின்னதாத்தான் எழுதினேன்."

"சின்னது இல்லப்பா. அரை நாள் வேலைக்கே இப்படின்னா, நாமதான் அந்தப் பொண்ணப் போட்டு வதைக்கிறோமோ? பென்ஷன் குடுத்துட்டா நிம்மதியா இருப்பா இல்ல?"

"அதையும் யோசிக்கணும்" என்றேன்.

அதையும் யோசிக்கணும்! இந்த இரண்டு சொற்களை இந்தக் கதையிலிருந்து எடுத்துவிட நான்கு தடவை முயன்றேன். இருக்கட்டும், என் லட்சணம் தெரியட்டும்.

4

அறிக்கையின் நகல் ஆல்பெர்டேவின் மின்னஞ்சல் பெட்டிக்கும் போகும், அது விதி. மறுநாள் மதியம் இரண்டு பேருந்து மாறி என் அறைக்கு வந்தாள். நடைவண்டியைக் கதவில் இடித்துக்கொண்டே நுழைந்தாள். தவறி இடித்ததல்ல.

(அவள் பேச்சில் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே நான் புள்ளிகள் வைக்கப்போவதில்லை. வைத்துப் பார்த்தேன். படிப்பவருக்குப் பாவமாகத்தான் இருக்கிறது. கீழே ஒரே வரியாக நிற்பதைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிடம் ஆகிறது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்.)

"நான் சோர்ந்து போயிட்டேனா?"

"அப்படி எழுதல, ஆல்பெர்டே. இருக்கலாம்னுதான்—"

"என்னைக் கேட்டியா?"

கேட்கவில்லை. ஒன்பது வருடமாக அவளோடு இருப்பவள் நான். பன்னிரண்டு வயதில் ஏழாம் வகுப்புக்கு வந்தபோது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள். கேட்காமலே தெரியும் என்ற நினைப்பு.

"சரி, இப்ப கேக்குறேன். ஏன் சாப்பிடல?"

"என் முறை வரல."

"என்ன முறை?"

"பன்னு முறை. ஒன்பது பேரு. ஒரு சுத்து முடிஞ்சு ரெண்டாவது சுத்தும் முடியப்போகுது. எத்தனை வாரம் ஓசியில தின்றது? எனக்கு வெக்கமா இருக்காதா?"

"பிரேபன்கிட்ட சொல்லியிருக்கலாமே." பிரேபன்தான் கிடங்கின் மேலாளர்.

"சொன்னேன். காகிதத்தக் காட்டினான். கீழ உன் கையெழுத்து."

கணினியில் ஜனவரிச் சேர்க்கைப் படிவத்தைத் தேடித் திறந்தேன். முதலில் ஒப்புக்கொண்டேனே, அந்த வரி அங்கே இருந்தது.

"உனக்கு நீச்சல் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

[நீச்சல். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் நினைவுபடுத்திவிட்டாள், இனித் தப்ப முடியாது.]

ஏழாம் வகுப்பில் வாரம் ஒரு நாள் நீச்சல். "உனக்கு எப்படி, ஆல்பெர்டே?" என்று ஆசிரியர் கேட்டார். அவள் "எனக்கு நீச்சல்னா" என்று தொடங்கினாள். வகுப்பில் இருபத்து நான்கு பேர் காத்திருந்தார்கள், ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார், எனக்கு வியர்த்தது. "ரொம்பப் பிடிக்கும்" என்று நான் முடித்துவைத்தேன். அவள் சொல்ல வந்தது "பயம்". இரண்டு குளிர்காலம் அந்தப் பெண்ணைத் தண்ணீரில் இறக்கினார்கள். நானே துண்டு பிடித்துக்கொண்டு கரையில் நின்று கைதட்டியிருக்கிறேன்.

அவளுக்கு அவமானம் வராமல் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துத்தான் வாக்கியங்களை முடித்துவைத்தேன். உண்மையில் அந்த மௌனத்தை என்னால்தான் தாங்க முடியவில்லை. இதைச் சொல்ல எனக்கு ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது. மெதுவாகப் பேசுகிறவள் அவளாம்.

5

கதைக்கு ஒரு வில்லன் வேண்டும். பிரேபனை ஆக்கிவிடலாம் என்று நம்பிக்கையோடு கிடங்குக்குப் போனேன். பெரிய தொப்பை, கட்டைக் குரல், ஆளும் பொருத்தம்.

என் படிவத்தை அவன் பிளாஸ்டிக் உறை போட்டு, தீயணைப்பு விதிகளுக்குப் பக்கத்தில் மாட்டிவைத்திருந்தான்.

"படி" என்றான்.

"தெரியும் பிரேபன், நான் எழுதினதுதானே."

"இல்ல, சத்தமாப் படி. கூடுதல் பொறுப்பு எதுவும் வேண்டாம். எ-து-வும். பன்னு வாங்குறது பொறுப்பா, இல்லையா?"

"பொறுப்புதான், ஆனா—"

"ஆறே முக்காலுக்கு பேக்கரிக்குப் போகணும். அது வேலை நேரமா? இல்ல. அப்ப நான் என்ன பண்ணட்டும்? ஒரு நாள் கதவத் திறந்து பிடிக்கச் சொல்லலாமான்னுகூட இதப் பாத்துட்டுதான் சொன்னேன்."

"இவ்வளவு அக்ஷரசுத்தமா எவனாவது படிப்பானாய்யா?"

"உன்ன மாதிரி படிச்சவங்க எழுதினா வேற எப்படிப் படிக்கிறது?" அவன் முகம் சிவந்துவிட்டது. "எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அந்தப் பொண்ணு தாளப் பாக்குறதப் பாத்திருக்கேன். ஆனா ஏதோ மருத்துவக் காரணம் இருக்கும், கேட்டா தப்பாயிடும்னு விட்டுட்டேன். அவ பிரேக் பாத்தனுப்பின வண்டியில ஒண்ணுகூட புகார்னு திரும்பி வரல, தெரியுமா? ஒண்ணுகூட!"

வில்லன் போச்சு. மீதமிருப்பது நான் மட்டும்.

பிரேபன் பேனாவை எடுத்துக்கொண்டு பட்டியலுக்குப் போனான். "எழுதிடவா? நீ சொன்னா இப்பவே எழுதுறேன்."

'எழுது' என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவன் மறுபடியும் என்னிடம்தான் கேட்கிறான் என்பது எனக்கு ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. இந்தத் தடவை தப்பித்தேன்.

"அவகிட்ட கேளு."

"ஆமால்ல" என்றான், உண்மையான ஆச்சரியத்தோடு.

இருவரும் பட்டறைக்குப் போனோம். ஆல்பெர்டே சரிவுப் பலகையின் உச்சியில் ஒரு சக்கர நாற்காலியில் இருந்தாள். கேட்டதும் பிரேக்கை விட்டு உருண்டு வந்து, எங்கள் காலுக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினாள்.

"வேண்டாம்" என்றாள்.

"ஏம்மா, இதத்தானே கேட்ட?" என்றான் பிரேபன்.

"இப்ப எழுதினா அது சமாதானத்துக்கு. ஜூன்ல நீங்க என்ன வேலைக்கு எடுத்தா எழுது. எடுக்கலேன்னா எதுக்கு என் பேரு?"

6

கூட்டம் ஜூன் ஆறாம் தேதி, நாற்பத்தைந்து நிமிடம். அதற்கு முன்பே ஒரு பக்கக் கடிதம் அனுப்பியிருந்தேன்: என் இரண்டு வரிகளும் தவறு, அவளைக் கேட்காமல் எழுதினேன், அவற்றை நீக்க வேண்டும். அந்தக் கடிதம் இந்தக் கதையைவிட நன்றாக வந்திருக்கிறது.

ஹெல்லேயும் இன்னும் இரண்டு அலுவலர்களும் இருந்தார்கள். ஹெல்லே என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்: "ஆல்பெர்டேவுக்கு அங்க வேலை எப்படிப் போகுது?" பழக்கதோஷம், நான் பதில் சொல்ல மூச்சை இழுத்தேன். மேஜைக்கு அடியில் என் கணுக்காலில் ஒரு உதை விழுந்தது. ஆல்பெர்டேவின் இடது காலுக்குக் குறி தப்பாது.

பிறகு அவள் பேசினாள். நான்கே வாக்கியம், ஐந்து நிமிடம்.

"நான் உக்காந்து பிரேக் பாக்குறேன். நிக்கிறவங்களுக்குத் தெரியாதது எனக்குத் தெரியும். மதியத்துக்கு மேல உடம்பு முடியாது, அது உண்மை. ஆனா காலையில நான் வேலை செய்ய வந்தவ, விருந்தாளி இல்ல."

ஹெல்லே கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை. அவர்கள் மூவரின் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. முடிவு இரண்டு வாரத்தில் எழுத்தில் வரும் என்றார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் எழுதத் தொடங்கியதுதான் இது. சும்மா இருக்க முடியவில்லை. கடிதம் அவளுக்குத்தான் வரும், எனக்கு வராது. தெரிந்தும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை என் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அவளைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன், இந்தத் தடவையாவது. "எழுது. ஆனா முடிக்கிறதுக்கு முன்னாடி எனக்குப் படிச்சுக் காட்டு" என்றாள்.

7

முடிவுகள்.

(அ) வேலை கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை காலை ஆல்பெர்டே நடைவண்டியின் கூடையில் பன் பையோடு நுழைகிறாள். ஒன்பது பேரும் எழுந்து நின்று கைதட்ட—

கைதட்டுவதா? எந்தக் கிடங்கில் பன் வாங்கி வந்தவனுக்குக் கைதட்டுகிறார்கள்? "எள்ளு போட்டது இல்லையா?" என்று குறைதான் சொல்வார்கள்.

(ஆ) பென்ஷன். ஆல்பெர்டே ஜன்னலோரம் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள், கிடங்கு வண்டி தெருவைக் கடந்து—

அழுகையை வரவழைக்கும் வழி. எனக்கே கண் கலங்கியது, அதனால்தான் நம்பவில்லை.

(இ) பென்ஷன்தான். ஆனால் பிரேபன் பொங்கியெழுந்து நகராட்சிக்குப் போய் மேஜையைத் தட்டி—

பிரேபனா? படிவத்தில் எழுதியிருந்தால் தட்டுவான்.

8

இன்று மதியம் இரண்டு மணிக்கு ஆல்பெர்டே வந்தாள். கைபேசியை என் மேஜையில் திரை கீழே இருக்கும்படி வைத்தாள்.

"வந்துடுச்சு" என்றாள். "காலையில பதினொரு மணிக்கு."

"என்ன போட்டிருக்கு?"

"மொதல்ல நீ எழுதினதப் படி."

"ஆல்பெர்டே, விளையாடாதே. வேலையா, பென்ஷனா?"

"நான் ரெண்டு வாரம் காத்திருந்தேன். நீ அரை மணி நேரம் இரு."

படித்தேன். நீச்சல் வந்த இடத்தில் சிரித்தாள். சீட்டாட்ட வரியை எடுக்கச் சொன்னாள், நான் எடுக்கவில்லை. பிரேபனின் தொப்பையை இன்னும் பெரிதாக்கச் சொன்னாள். முடிவுகளைப் படித்தபோது மட்டும் முகம் மாறியது.

"மூணு முடிவு எழுதியிருக்க. மூணுலயும் நான் என்ன பண்றேன்?"

திருப்பிப் பார்த்தேன். முதலாவதில் பையோடு நுழைகிறாள், அவ்வளவுதான், பிறகு மற்றவர்கள் கைதட்டுகிறார்கள், நான் அதிலேயே நிறுத்திவிட்டேன். இரண்டாவதில் ஜன்னலோரம் இருக்கிறாள். மூன்றாவதில் அவள் இல்லவே இல்லை.

"ஒண்ணும் பண்ணல" என்றேன்.

"அதான். வேலை குடுத்தாலும் அவங்க குடுக்குறாங்க, இல்லேன்னாலும் அவங்க. நீ எப்ப எழுதினாலும் நான் வாங்கிக்கிறவதான்."

ஒன்பது வருடத்தில் நான் அவளைப் பற்றி எழுதிய காகிதங்கள் அலமாரியில் இரண்டு தட்டு நிறைய இருக்கின்றன. அவற்றிலும் அவள் வாங்கிக்கொள்கிறவள்தான்.

"அப்ப நாலாவது முடிவ நீயே சொல்லு" என்றேன்.

"சொல்றேன். கடிதத்துல என்ன இருக்கு, அதுக்கு நான் என்ன பண்ணப்போறேன், ரெண்டும். எழுதிக்கோ. குறுக்க வராதே."

கணினியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இதை இப்போது அவள் எதிரே உட்கார்ந்துதான் தட்டுகிறேன். அவள் வாயைத் திறந்துவிட்டாள். "நான்" என்ற சொல் வந்துவிட்டது. அடுத்த சொல்லுக்காகக் கழுத்து நரம்பு இழுபடுகிறது, இடது கை மேஜை விளிம்பைப் பிடிக்கிறது. என் வாயில் இரண்டு சொற்கள் தயாராக நிற்கின்றன, ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. எது உண்மை என்று எனக்குத் தெரியாது. தெரியாமலே எதையாவது சொல்லிவிடத் துடிக்கிறது.

இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், உங்களிடமும் ஒரு சொல் தயாராக இருக்கும். தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள். வாக்கியம் அவளுடையது. அவள் முடிக்கும்வரை நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கப்போகிறேன், நீங்களும் இருங்கள்.

"நான்